கைமாறி வந்த தெரு: லண்டன் பிரிக் லேன்

லண்டன் மாநகரின் பழைய மதில் எல்லைக்கு வெளியே, கிழக்குத் திசையில், ஒயிட்சாப்பல் நெடுஞ்சாலைக்கு அருகே தொடங்கி வடக்கே பெத்னல் கிரீன் சாலையைக் கடந்து முடியும் பிரிக் லேன், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள குறுகலான தெருவாகும். பதினைந்தாம் நூற்றாண்டளவில் இப்பகுதியின் களிமண்ணைத் தோண்டிச் சூளையிட்டுச் செங்கல்லும் ஓடும் சுட்டவர்களின் தொழிலே இதற்குப் பெயர் தந்தது. சுற்றுலாக் கையேடுகள் இதனை உணவுக்கும் கடைவீதிக்கும் சுவரோவியத்துக்கும் பெயர்போன பன்முகப் பண்பாட்டுத் தெரு என்று அறிமுகம் செய்கின்றன. அது பொய்யன்று எனினும், பல இனத்தவர் ஒரே காலத்தில் அக்கம்பக்கமாகக் கூடி வாழும் இடம் என்று அத்தொடரைப் பொருள்கொண்டால் இத்தெருவின் இயல்பு பிடிபடாமல் போய்விடும். பிரெஞ்சு நெசவாளரும் கிழக்கு ஐரோப்பிய யூதரும் சில்ஹெட் வங்காளியரும் இங்கு ஒருவர்பின் ஒருவராகவே வந்தனர். முன்னவர் விட்டுச்சென்ற வீட்டிலும் பட்டறையிலும் வழிபாட்டிடத்திலும் பின்னவர் குடிபுகுந்தனர். ஆகவே இத்தெருவில் நடப்பவர் காண்பது பெரும்பாலும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிய பொருள்களையே.

ஆல்ட்கேட் ஈஸ்ட் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து வெளிவருவோர் பிரிக் லேனுக்குள் நுழையுமுன், நெடுஞ்சாலையின் எதிர்ப்புறத்திலுள்ள ஆல்தாப் அலி பூங்காவைப் பார்த்துவிடுவது நல்லது. அவ்விடத்தில் முன்பு புனித மேரி தேவாலயம் நின்றது. வெள்ளை பூசிய அதன் ஆதிக் கட்டடமே ஒயிட்சாப்பல் என்னும் ஊர்ப்பெயருக்குக் காரணம். 1940-இல் ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சில் தேவாலயம் சிதைந்தபின் அந்த நிலம் பூங்காவாயிற்று. ஆல்தாப் அலி என்பவர் அருகிலிருந்த ஆடைப் பட்டறையில் வேலை செய்த வங்காள இளைஞர். 1978 மே 4 அன்று மாலை, வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில், இனவெறி கொண்ட இளைஞர்களால் அவர் குத்திக் கொல்லப்பட்டார். பத்து நாள்களுக்குப் பின் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் அவரது சவப்பெட்டியின் பின்னே நகரின் நடுப்பகுதிவரை ஊர்வலமாகச் சென்றனர். பிரித்தானிய வங்காளியர் தங்களை ஓர் அரசியல் சமூகமாக உணர்ந்தது அந்த ஆண்டில்தான் என்பது பலரும் ஏற்கும் கருத்து. 1998-இல் பூங்காவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதற்கடுத்த ஆண்டு அதன் ஒரு மூலையில், 1952-இல் டாக்காவில் வங்க மொழிக்காக உயிர்விட்டோரின் நினைவுச்சின்னமான ஷஹீத் மினாரின் சிறிய வடிவம் எழுப்பப்பட்டது. நண்பகலில் பக்கத்து அலுவலகங்களில் வேலை செய்வோர் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடும் புல்தரை இது; அவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயர்ப்பலகையைப் படிக்கிறார்கள் என்பது வேறு செய்தி.

ஆஸ்போர்ன் தெரு வழியாக வடக்கே திரும்பியதும், வங்கதேசக் கொடியின் பச்சையும் சிவப்பும் தீட்டிய வளைவு எதிர்ப்படுகிறது. தெருவிளக்குக் கம்பங்களும் அதே நிறங்களில் நிற்கின்றன. தெருப்பெயர்கள் ஆங்கிலத்தோடு வங்க எழுத்திலும் எழுதப்பட்டுள்ளன. ‘பங்களா டவுன்’ என்று உள்ளாட்சி மன்றமே பெயரிட்டு வளர்த்த இப்பகுதியின் முதன்மைத் தொழில் உணவகம். வாசலில் நின்று போவோர் வருவோரை உள்ளே அழைக்கும் ஆள்களும், அவர்கள் அறிவிக்கும் தள்ளுபடிகளும், சன்னலில் ஒட்டிய விருதுச் சான்றிதழ்களும் இத்தெருவின் பழகிய காட்சிகள். பெயர்ப்பலகையில் ‘இந்திய உணவகம்’ என்றிருந்தாலும், நடத்துவோர் பெரும்பாலும் வங்கதேசத்தின் வடகிழக்கிலுள்ள சில்ஹெட் மாவட்டத்தார். சமைத்துத் தருவதோ சில்ஹெட்டிலும் இல்லாத, இந்தியாவிலும் இல்லாத ஒரு தனிச் சமையல். அதன் அடிப்படை, நிறைய வெங்காயத்தை இஞ்சி, பூண்டு, மஞ்சளுடன் வேகவைத்து அரைத்துப் பெரிய அண்டாவில் காலையிலேயே தயாராக வைக்கப்படும் பொதுக் குழம்பு. வாடிக்கையாளர் கேட்டதும் அதில் ஒரு கரண்டி எடுத்துச் சூடான வாணலியில் ஊற்றி, பாலேடு சேர்த்தால் குருமா, மிளகாய்த்தூளைக் கூட்டினால் ‘மெட்ராஸ்’, இன்னும் கூட்டினால் விந்தாலு என்று சில நிமிடங்களில் இறக்கிவிடுகிறார்கள். சென்னையில் எவரும் உண்டறியாத அந்த ‘மெட்ராஸ்’ இங்கே ஊரின் பெயராக நில்லாமல் காரத்தின் அளவாகிவிட்டது. இதனைப் போலி என்று ஒதுக்குவோர் உண்டு. ஆயினும், குறைந்த ஆள்களும் சிறிய அடுப்படியும் பசியோடு காத்திருக்கும் கூட்டமும் சேர்ந்து உருவாக்கிய தொழில்நுட்பம் என்று பார்த்தால், அதற்குரிய மதிப்பைத் தரவே வேண்டும்.

சில்ஹெட்டார் லண்டனுக்கு வந்த வழி கடல்வழி. ஆங்கிலேயக் கப்பல்களில் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆசியத் தொழிலாளரை லஸ்கர்கள் என்பர். அவர்களில் நீராவிக் கப்பல்களின் எந்திர அறையில் கரியள்ளிக் கொட்டும் வேலைக்குச் சில்ஹெட்டார் மிகுதியாகச் சேர்ந்தனர். துறைமுகத்தில் இறங்கி மறைந்துகொண்ட சிலர் தேநீர்க் கடையும் விடுதியும் தொடங்க, அவர்களை நம்பி உறவினர் வந்தனர். 1971-ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரை ஒட்டியும் அதற்குப் பின்னும் மனைவி மக்கள் வந்து சேர்ந்தனர். அவர்கள் வீட்டில் உண்பது எது என்று அறிய விரும்புவோர் உணவகத்தை விட்டு மளிகைக்கடைக்குச் செல்ல வேண்டும். 1936-இலிருந்து இயங்கும் தாஜ் ஸ்டோர்ஸ் அத்தகைய கடை. ரூயி என்னும் ரோகு மீனும் இலிஷ் என்னும் ஹில்சாவும் உறைபெட்டியில் கட்டை போல் விறைத்துக் கிடக்க, அப்பால் கருவாட்டின் வாடையும் கட்டுக்கட்டான கீரையும் பச்சைத் தோலுடைய சாத்கராவும் இருக்கின்றன. சாத்கரா என்பது நாரத்தையை ஒத்த ஒரு புளிப்புக் காய். அதனைத் தோலோடு நறுக்கி மாட்டிறைச்சிக் குழம்பில் இட்டு வேகவைப்பது சில்ஹெட் வழக்கம். அதன் கசப்பும் மணமும் வாசலில் நின்று அழைக்கும் உணவகங்களின் பட்டியலில் அரிதாகவே இடம்பெறுகின்றன. அந்த உணவகங்களும் இப்போது தேய்ந்துவருகின்றன. இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் அறுபதாக இருந்த அவற்றின் எண்ணிக்கை 2020-இல் 23-ஆகக் குறைந்ததாக ரன்னிமீட் அறக்கட்டளையின் ஆய்வொன்று பதிவுசெய்தது. கடை வாடகை ஏறியது, சமையற்காரருக்கு விசா கிடைப்பது அரிதானது, பட்டம் பெற்ற பிள்ளைகள் அடுப்படிக்கு வர விரும்பவில்லை என மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. மூன்றாவதை ஒரு குறையாகச் சொல்வது பொருந்தாது. தந்தையர் உழைத்ததே அதற்காகத்தான்.

ஃபோர்னியர் தெரு பிரிக் லேனைச் சந்திக்கும் முனையில் நிற்கும் செங்கற் கட்டடம் இப்பயணத்தின் நடுப்புள்ளி எனலாம். பிரான்சில் சீர்திருத்தக் கிறித்தவர்களுக்கு 1598-இல் வழங்கப்பட்ட வழிபாட்டு உரிமையைப் பதினான்காம் லூயி மன்னர் 1685-இல் பறித்ததும், ஹியூகனாட் எனப்பட்ட அம்மக்கள் பல்லாயிரவராக இங்கிலாந்துக்குத் தப்பி வந்தனர். அவர்களில் பட்டு நெசவாளர் பலர் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்னும் இப்பகுதியில் தறி நாட்டினர். 1743-இல் அவர்கள் கட்டிய தேவாலயமே இந்தக் கட்டடம். 1809-இல் யூதரிடையே கிறித்தவத்தைப் பரப்பும் சங்கம் ஒன்று இதனை எடுத்துக்கொண்டது; 1819-இல் இது மெதடிஸ்ட் சபையின் ஆலயமாயிற்று; 1898-இல் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதரின் தொழுகைக்கூடமாயிற்று; 1976-இல் ஜாமே மஸ்ஜித் என்னும் பள்ளிவாசலாயிற்று. உச்சிச் சுவரில் 1743 என்று ஆண்டு பொறித்த சூரியக் கடிகாரமும், மனித வாழ்வை நிழலாகக் காணும் அதன் லத்தீன் வாசகமும் இன்றும் அப்படியே உள்ளன. பள்ளிவாசலினர் 2009-இல் பக்கத்தில் ஒரு பளபளக்கும் எஃகுத் தூணை மினாராக நிறுத்தியதைத் தவிர வெளித்தோற்றத்தில் பெரிய மாற்றம் எதையும் செய்யவில்லை.

சமய நல்லிணக்கத்தின் அடையாளம் என்று இக்கட்டடத்தைப் புகழ்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் இங்கே எந்தச் சமயமும் இன்னொன்றோடு இணங்கி ஒரே கூரையின்கீழ் இருந்ததில்லை. ஒன்றன் மக்கள் வசதி பெற்று வேறிடம் போனபின், இன்னொன்றன் மக்கள் பணம் திரட்டி வாங்கினர் என்பதே வரலாறு. அக்கைமாற்றம் எளிதாக நடந்ததற்குக் கட்டடக்கலையில் ஒரு காரணம் உண்டு. ஹியூகனாட்டுகள் பின்பற்றிய கால்வினியம் ஆலயத்துக்குள் உருவங்களை அனுமதிப்பதில்லை. யூதமும் இஸ்லாமும் அவ்வாறே. சிலையோ சித்திரமோ இல்லாத, பெரிய சன்னல்களால் வெளிச்சம் நிறையும், பிரசங்கம் கேட்பதற்கென அமைந்த நீள்சதுரக் கூடம் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறியபோது நீக்கவேண்டியது சிறிதே இருந்தது. இதே ஃபோர்னியர் தெருவின் மறுமுனையில் நிக்கலஸ் ஹாக்ஸ்மூர் வடிவமைத்து 1729-இல் முடிந்த கிறைஸ்ட் சர்ச், வெண்கல் கோபுரத்தோடு வானளாவி நிற்கிறது. அரசுத் திருச்சபையை ஏற்காதோர் பெருகிவந்த வட்டாரத்தில் அத்திருச்சபையின் அதிகாரத்தை நிலைநாட்ட எழுப்பப்பட்ட ஆலயம் அது. அது ஒருபோதும் கைமாறவில்லை. இரண்டையும் ஒரே பார்வையில் காண இத்தெருவில் சில அடிகள் நடந்தால் போதும். லண்டனில் அதிகாரமும் அடைக்கலமும் இவ்வளவு அருகில் நிற்கும் இடங்கள் சிலவே.

அடைக்கலம் தேடி வந்தோர் பிறர்பால் எப்போதும் பரிவு காட்டினர் என்று கருத இடமில்லை. சோழமண்டலக் கரையிலும் குஜராத்திலும் வங்கத்திலும் நெய்து சாயமிட்ட பருத்தித் துணிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து இறக்கியபோது, ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர் தம் பட்டுக்கு விலை போகாமல் தவித்தனர். 1719-இல் அவர்கள் கூட்டமாகத் தெருவில் இறங்கி, அச்சிட்ட பருத்தி உடுத்திச் சென்ற பெண்களை மறித்து ஆடையைக் கிழித்தனர்; மையையும் திராவகத்தையும் வீசினர். 1721-இல் நாடாளுமன்றம் அத்துணிகளை உடுத்துவதற்கே தடை விதித்தது. 1774 வரை அது நீடித்தது. மலிவான நல்ல துணி கிடைக்கும் என்னும் கணக்கில்தான் கம்பெனி 1639-இல் சென்னைப்பட்டினத்தில் கால் ஊன்றியது என்பதை நினைவிற்கொண்டால், இந்த வட்டாரத்தில் மூண்ட கலவரத்தின் மறுமுனை எந்தக் கரையில் இருந்தது என்பது விளங்கும்.

ஃபோர்னியர் தெருவிலும் அதற்கு வடக்கிலுள்ள பிரின்ஸ்லெட் தெருவிலும் நெசவாளரின் வீடுகள் நிற்கின்றன. நுண்ணிய பட்டு வேலைக்குப் பகல் வெளிச்சம் வேண்டும் என்பதால் மேல்தளத்தை அகலமான சன்னல்களாலேயே அமைத்தனர். சில வீட்டு வாசல்களில் பெரிய மரத்தாலான நூல்கண்டுக் கட்டை தொங்குகிறது. ஹியூகனாட் வருகையின் முந்நூறாம் ஆண்டான 1985-இல் மாட்டியவை அவை. பிரின்ஸ்லெட் தெருவின் 19-ஆம் எண் வீடு 1719-இல் நெசவாளருக்குக் கட்டப்பட்டது. 1869-இல் அதன் பின்புறத் தோட்டத்தில் யூதர் ஒரு தொழுகைக்கூடம் எழுப்பினர். 1881-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டபின் யூதர்மேல் ஏவப்பட்ட கொள்ளைகளும் கொலைகளும் அவர்களைப் பெருந்திரளாக மேற்கே துரத்தின. இறங்கிய துறைமுகத்துக்கு அருகில் வாடகை குறைந்த இடம் இதுவே. அவர்கள் தையலில் புகுந்தனர். வசதி பெற்றதும் வடக்கு லண்டனுக்குப் பெயர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற பட்டறைகளின் தையல் எந்திரங்களில் வங்காளியர் அமர்ந்து தோல் அங்கி தைத்தனர். இன்று அதே வீடுகள் மில்லியன் கணக்கான பவுண்டுக்கு விலைபோகின்றன. 1970-களில் இடிக்கக் காத்திருந்தவற்றைக் காப்பாற்றியவர்கள் பாரம்பரிய ஆர்வலர்கள். அவர்களுடைய வெற்றியே அவற்றை ஏழை எவரும் நெருங்க முடியாதவையாக ஆக்கிற்று.

சுவரோவியங்கள் இங்கிருந்தே அடர்த்தியாகத் தொடங்குகின்றன. பிரின்ஸ்லெட் தெருவில் ஸ்டிக் என்னும் ஓவியர் 2010-இல் வரைந்த இரண்டு உருவங்கள், குழந்தைகள் கிறுக்கும் குச்சி மனிதர்களைப் போலச் சில கோடுகளே கொண்டவை. ஒருவர் முகத்தை மறைக்கும் கறுப்பு நிகாப் அணிந்த பெண், மற்றவர் எவரும் ஆகலாம். இருவரும் கைகோத்து நிற்கின்றனர். வாய்கூட வரையப்படாத அவ்வுருவங்களில் கண்களின் சாய்வும் தோள்களின் நெருக்கமும் மட்டும் பேசுகின்றன. ஹான்பரி தெருவில் பெல்ஜிய ஓவியர் ரோவா ஒரு பக்கச்சுவர் முழுவதும் கறுப்பு வெள்ளையில் தீட்டிய பறவை நிற்கிறது. அவர் நாரையொன்றை வரையத் தொடங்கியதாகவும், அக்கம்பக்கத்து வங்காளியர் அதைத் தங்கள் மரபில் போற்றப்படும் கொக்கோ என்று வினவியதால் அதையே கொக்காக்கிவிட்டதாகவும் சொல்லப்படுகிறது. அந்தக் கதை எவ்வளவு துல்லியமோ தெரியாது. ஆனால் இறகுகளை ஒவ்வொன்றாக இழைத்திருக்கும் விதத்தை அருகில் சென்று பார்ப்பவர், அது அவசரமாக முடிக்கப்பட்ட வேலையல்ல என்பதை உணர்வார்.

இச்சுவர்களில் எதற்கும் ஆயுள் உறுதி இல்லை. நேற்றைய ஓவியத்தின்மேல் இன்றையது ஏறுவதே நடைமுறை. அதற்கும் ஒரு நாகரிகம் இருக்கிறது என்பதை 2023 ஆகஸ்டில் நடந்த நிகழ்ச்சி காட்டியது. கலை பயிலும் சீன மாணவர் சிலர் நீண்ட சுவரொன்றை முழுவதும் வெள்ளையடித்து, சீன அரசு முன்வைக்கும் பன்னிரண்டு ‘சோஷலிச விழுமியங்களை’ 24 சிவப்பு எழுத்துகளில் தீட்டினர். கீழே மறைந்த ஓவியங்களை எண்ணிச் சிலர் கோபமுற்றனர். ஹாங்காங்கையும் உய்குர் மக்களையும் தியானன்மென் சதுக்கத்தையும் நினைவூட்டும் வரிகளை வேறு சிலர் அந்த எழுத்துகளின் மேலேயே எழுதினர். சுவர் ஓரிரு நாளில் ஒரு விவாத மன்றமாயிற்று. பின்னர் உள்ளாட்சி மன்றத்தார் வந்து, எல்லாத் தரப்பையும் ஒருசேர மீண்டும் வெள்ளையடித்துவிட்டுப் போயினர்.

அப்பால் புகைபோக்கியில் ட்ரூமன் என்னும் பெயரைத் தாங்கி நிற்பது பழைய மதுவடிசாலை. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து பியர் வடித்த அது 1989-இல் மூடப்பட்டது. தொண்ணூறுகளில் அதன் கிடங்குகளை ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் வாடகைக்குப் பிடித்தனர். இன்று அங்கே ஞாயிறுதோறும் உணவுச் சந்தை கூடுகிறது. எத்தியோப்பியாவின் புளித்த மாவு அப்பமான இஞ்செராவும் இன்னும் பல நாட்டுப் பண்டங்களும் அட்டைத் தட்டில் கிடைக்கின்றன. ருசி குறையில்லை, ஆனால் அக்கடைக்காரர் பலர் இத்தெருவில் வசிப்பவரல்லர். கீழ்த்தளத்திலும் சுற்றுமுற்றும் ‘வின்டேஜ்’ எனப்படும், முந்தைய பத்தாண்டுகளில் பிறர் உடுத்திக் கழித்த பழைய ஆடைகளின் கடைகள். தையற்காரர்களின் தெரு பழந்துணி விற்கும் தெருவானதில் ஒரு தொடர்ச்சி இருப்பினும், வேறுபாடும் கூர்மையானது: முன்பு இங்கு பழந்துணி வாங்கியவர் வேறு வழியில்லாதவர், இப்போது வாங்குபவர் புதியதைவிடக் கூடுதல் விலை தரத் தயங்காதவர்.

இத்தெருவின் வரலாற்றில் உண்மையான முறிவு இதுவே. நெசவாளரும் யூதரும் சில்ஹெட்டாரும் வந்தபோது, விலகிச் செல்வோரைவிட வருவோர் ஏழைகளாக இருந்தனர். கடைசியாக வந்திருப்போர் மட்டும் தமக்கு முன் இருப்போரைவிடச் செல்வர். வசதி படைத்தோர் குடியேறி, வாடகை உயர்ந்து, பழைய குடிகள் வெளியேறும் இந்நிகழ்வின் அடையாளமாக, 2014-இல் தொடங்கிய ஓர் உணவகம் சிக்கிக்கொண்டது. பெட்டியில் விற்கும் காலையுணவுத் தானியத்தைப் பாலோடு கிண்ணம் மூன்று பவுண்டுக்கு மேல் விற்ற அக்கடையின்மீது 2015 செப்டம்பரில் எதிர்ப்பாளர் வண்ணம் வீசினர். கோபம் சிறிய இலக்கைத் தேர்ந்தது என்றே சொல்ல வேண்டும். 2021-இல் மதுவடிசாலை வளாகத்தில் கடைத்தொகுதியும் அலுவலகமும் கட்டும் திட்டம் வந்தபோது ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட மறுப்புக் கடிதங்கள் குவிந்தும் உள்ளாட்சிக் குழு அதற்கு ஒப்புதல் தந்தது. விலை உயர்வது அத்தகைய முடிவுகளால்தான்.

ரயில்பாதைப் பாலத்தைக் கடந்தால் தெருவின் வடபகுதி. இதன் முனையில் 1970-களில் தேசிய முன்னணி என்னும் இனவாதக் கட்சியினர் ஞாயிறுதோறும் பத்திரிகை விற்றனர். 1978-இல் வங்காள இளைஞரும் ஆதரவாளரும் முன்கூட்டியே வந்து அந்த இடத்தில் அமர்ந்து அவர்களுக்கு இடமில்லாமல் செய்தனர். அதே பகுதியில் யூதர் காலத்தின் சுவையைக் காத்துவரும் இரண்டு பேகல் கடைகள் அருகருகே உள்ளன. பேகல் என்பது நடுவில் துளையிட்ட வட்ட ரொட்டி. புளித்த மாவை முதலில் கொதிநீரில் சற்றே வேகவிட்டு, பிறகு அடுப்பில் சுடுவதால் தோல் பளபளப்பாகவும் உள்ளே இழுவையாகவும் அமைகிறது. 1974-இல் தொடங்கி இரவு பகலாக மூடாமல் நடக்கும் பேகல் பேக் கடையில், உப்புநீரில் பல நாள் ஊறி மெதுவாக வெந்த மாட்டு மார்க்கறியைத் தடித்த துண்டுகளாக அறுத்து, மூக்கில் ஏறும் கடுகு விழுதையும் ஊறவைத்த வெள்ளரியையும் வைத்துத் தருகிறார்கள். வரிசை நீளமானது, வேகமாக நகர்கிறது, என்ன வேண்டும் என்பதை முன்னதாகவே முடிவுசெய்யாதவரை விற்பனைப் பெண்கள் பொறுத்துக்கொள்வதில்லை.

எந்த நாளில் செல்வது என்பது எதைக் காண விரும்புகிறார் என்பதைப் பொறுத்தது. சனிக்கிழமை ஓய்வு கொண்ட யூத வணிகரால் வேரூன்றிய ஞாயிற்றுச் சந்தை இன்னும் கூடுவதால், கடை பார்க்க ஞாயிறே ஏற்றது. ஆனால் அன்று கூட்டத்தில் சுவர்கள் கண்ணுக்குப் படுவதில்லை. ஓவியங்களுக்கு வார நாளின் காலை போதும். கடைகளின் இரும்புக் கதவுகள் திறக்குமுன் சென்றால் அவற்றில் தீட்டியிருப்பவற்றையும் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை நண்பகலில், பள்ளிவாசலில் தொழுகை முடிந்து வருவோர் மளிகைக்கடையிலும் இனிப்புக்கடையிலும் நின்று பேசும் ஒரு மணிநேரத்தில், இத்தெரு பயணிகளைக் கவனிப்பதில்லை. அந்த நேரத்தில் வருபவர், மண்சட்டியில் உறைந்த மிஷ்டி தோய் என்னும் இனிப்புத் தயிர் தீர்ந்துபோகுமுன் ஒன்று வாங்கிக்கொள்வது நலம்.